கேம்பர் வேன்: இரண்டு முறை வாங்கிய பொருள்களின் கணக்கு

ஆறு வார இறுதிகளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத் தொடங்கிய வேலை ஏழு மாதம் இழுத்தது. வேனின் விலையைத் தனியாக வைத்துவிட்டு, அதைத் தங்கும் வண்டியாக மாற்றிய செலவை மட்டும் எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஒரே பொருளை இரண்டாம் முறை வாங்கியதற்குப் போயிருக்கிறது. சீலண்ட் (இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை), கண்ணாடிப் பஞ்சு, ஒயர், கூரைப் பலகை, ஒரு பேட்டரி. ஆசைப்பட்டு விலை உயர்ந்ததை வாங்கி வந்த நஷ்டம் இல்லை இது. முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்ததாலும், மலிவாகக் கிடைத்ததை அவசரத்தில் போட்டு மூடியதாலும் வந்தது. கையில் காசு குறைவாக இருப்பவர்தான் வேலையின் வரிசையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும். காசுள்ளவர் ஆள் வைத்துப் பிரித்துக்கொள்வார். ஒற்றை ஆளாக இதில் இறங்குகிறவர்களுக்காக, வேலை நடந்த வரிசையிலேயே, எங்கே தவறியது, ஏன் தவறியது என்று எழுதுகிறேன்.

வேன் வாங்கும்போது எல்லோரும் இன்ஜினைக் கேட்டுப் பார்க்கிறார்கள். இன்ஜினைச் சரிசெய்ய மெக்கானிக் கிடைப்பார். துருப்பிடித்த தகட்டைச் சரிசெய்வதற்குத்தான் பணம் கரையும். தரையில் விரித்திருக்கும் ரப்பர் பாயைத் தூக்கிப் பாருங்கள். சக்கர வளைவுகளின் உள்பக்கம், பக்கக் கதவு ஓடும் தண்டவாளத்தின் அடி, கூரையின் ஓரத்தில் மழைநீர் வழியும் காடி, முன்கண்ணாடி ரப்பரின் கீழ் ஓரம், வண்டியின் பக்கவாட்டு அடிப்பகுதி, இவை ஐந்தும் முக்கியம். பெயின்ட் உப்பியிருக்கும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு பொத்தென்று கேட்கும். மேலோட்டமான துரு பிரச்சினை இல்லை. ஸ்க்ரூ டிரைவர் முனை உள்ளே இறங்கினால் அது வெல்டிங் வேலை, விலையில் அதைக் கழிக்க வேண்டும், அல்லது அந்த வண்டியை விட்டுவிட வேண்டும். அடுத்தது எடை. பதிவுச் சான்றில் வண்டியின் காலி எடையும், அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் மொத்த இருப்பு. பலகை, தண்ணீர், பேட்டரி, மெத்தை, மனிதர்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். காலி வண்டியை எடை மேடையில் ஒருமுறை ஏற்றி, முன் அச்சு, பின் அச்சு எடைகளைத் தனித்தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இதன் அருமை கடைசியில் தெரியும்.

ஒரு பொருளும் வாங்குவதற்கு முன்னால், காலி வேனில் ஒரு மெத்தையைப் போட்டு இரண்டு இரவு படுத்துப் பாருங்கள். குறுக்காகப் படுத்தால் கால் நீட்ட முடிகிறதா, இரவில் எழுந்தால் எந்தப் பக்கம் இறங்குகிறீர்கள், தலை எங்கே இடிக்கிறது என்று எந்த வரைபடமும் சொல்லாது. பிறகு தரையில் மாஸ்கிங் டேப்பால் கட்டில், சமையல் மேடை, நடைபாதை எல்லாவற்றையும் உண்மை அளவில் ஒட்டி, அட்டைப்பெட்டிகளை அடுக்கி உயரத்தையும் காட்டிப் பாருங்கள். அட்டைக்குச் செலவில்லை. அதே வாரத்தில் வாகனப் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள். கூரையில் ஓட்டை போட, ஜன்னல் வெட்ட, இருக்கையைக் கூட்ட, குறைக்க, வாகன வகையை மாற்ற எதற்கெல்லாம் முன் அனுமதி தேவை என்பது நாட்டுக்கு நாடு மாறும். வெட்டிய தகட்டை ஒட்டவைக்க முடியாது. இன்னொன்று, ஓடும் வண்டியில் ஆள் உட்காரும் இடம் என்றால், தொழிற்சாலையில் பொருத்திய இருக்கையும் பெல்ட்டும் மட்டுமே. நாம் அடித்த பலகைப் பெட்டியின் மேல் ஆளை உட்காரவைத்து ஓட்டக் கூடாது.

உள்ளே எல்லாவற்றையும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் கதவைத் திறந்து காயவிட்ட பிறகுதான் துரு வேலை. கம்பி பிரஷை கிரைண்டரில் மாட்டிப் பளிச்சென்று தகடு தெரியும்வரை தேய்த்து, குழிகளில் மிச்சம் இருப்பதற்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றித் திரவம் பூசி, அது காய்ந்ததும் துத்தநாக பிரைமர், அதன் மேல் பெயின்ட். துருவின் மேல் நேரடியாகப் பெயின்ட் அடித்தால் ஒரு வருடத்துக்குப் பார்க்க அழகாக இருக்கும், உள்ளே தகடு தின்னப்பட்டுக்கொண்டே இருக்கும். சத்தத்தைக் குறைக்க ஒட்டும் பியூட்டைல் ரப்பர் தகடுகளைப் பலரும் சுவர் முழுக்க ஒட்டுகிறார்கள். தேவையே இல்லை. அது வேலை செய்வது தகட்டின் அதிர்வை அடக்கி. பெரிய தகட்டின் நடுவில் நாலில் ஒரு பங்கை மூடினாலே பெரும்பகுதிப் பலன் வந்துவிடும். மீதி வெறும் எடையும் செலவும்தான்.

இனி கூரை. கேம்பர் வேலையில் உள்ளங்கை வேர்க்கும் இடம் இது. காற்றுவெளியேற்றும் விசிறிக்கு வழக்கமான அளவு 14 அங்குலச் சதுரம், அதாவது ஒரு பக்கம் சுமார் 356 மி.மீ. உங்கள் விசிறியோடு வரும் அளவுத்தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூரையின் குறுக்கு விட்டங்களை வெட்டாமல், இரண்டு விட்டங்களுக்கு நடுவில் உள்ளிருந்து குறித்து, நான்கு மூலையிலும் சின்ன ஓட்டை போட்டு, மேலே ஏறி மேலிருந்து வெட்ட வேண்டும். ஜிக்சா இயந்திரத்தின் அடித்தகடு பெயின்ட்டைக் கீறும். வெட்டும் கோட்டைச் சுற்றி அகலமாக மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். இரும்புக்கான நுண்பல் பிளேடுதான் போட வேண்டும். மறக்கக் கூடாதது, கீழே ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைக் கூரையோடு டேப் போட்டுக் கட்டித் தொங்கவிடுவது. இரும்புத் தூள் எங்கே விழுந்தாலும், முதல் ஈரத்தில் அங்கே ஆரஞ்சுப் புள்ளி வரும். கூரைமேல் சிதறிய தூளை உடனே காந்தத்தாலும் ஈரத்துணியாலும் எடுக்காவிட்டால், வெள்ளை வண்டிக்கு அம்மை போட்டதுபோல ஆகிவிடும். வெட்டிய விளிம்பை அரம் போட்டு மழுக்கி, பிரைமர் இரண்டு கோட், பெயின்ட் ஒரு கோட். இது காய்வதற்கு முன் விசிறியை வைத்துவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும், ஏனென்றால் தலைக்குமேல் ஓட்டை, வானத்தில் மேகம். ஒரு தார்ப்பாயைக் கட்டிவிட்டுக் காத்திருங்கள்.

நான் இடறியது இங்கேதான். கையில் இருந்தது குளியலறைக்கு வாங்கிய சிலிகான் குழாய். அதையே தடவி, திருகை இறுக்கி, அன்றே உள்கூரைப் பலகையையும் அடித்து முடித்தாயிற்று. மூன்று வாரம் எல்லாம் சரி. நாலாவது வாரம் நல்ல மழை. தண்ணீர் விசிறிக்குக் கீழே சொட்டவில்லை. ஒரு மீட்டர் தள்ளிப் பின்கதவின் மேல் மூலையில் சொட்டியது. கதவு ரப்பரைக் குற்றம் சொல்லி, புது ரப்பர் வாங்கி மாட்டி, பின்விளக்கைக் கழற்றிச் சீலண்ட் வைத்து, இரண்டு வாரம் ஓடிப்போனது. ஒழுகும் நீர் நுழைந்த இடத்தில் விழாது. விட்டத்தின் அடிவிளிம்பைப் பிடித்துக்கொண்டு, வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கம் ஊர்ந்து, முதல் தடையில் சொட்டும். கடைசியில் பலகையைப் பிரித்தால், வெப்பக் காப்புக்காக மேலே வைத்த கண்ணாடிப் பஞ்சு ஊறி, பிழிந்தால் தண்ணீர் வரும் நிலையில் தொங்கியது. அன்று சாயங்காலம் வேனை அப்படியே விற்றுவிடலாம் என்றுதான் தோன்றியது.

காரணம் இரண்டு. ஒன்று, பல வேன்களின் கூரை சமதளம் இல்லை. நீளவாக்கில் அலை அலையாக மேடும் பள்ளமும் இருக்கும். விசிறியின் சட்டம் மேட்டில்தான் உட்காரும். பள்ளத்தில் சீலண்ட் இரண்டு மூன்று மி.மீ. தடிப்பில் நிற்க வேண்டும். திருகை முரட்டுத்தனமாக இறுக்கினால் மேட்டில் இருப்பது முழுக்கப் பிதுங்கி வெளியே வரும், பள்ளத்தில் இடைவெளி மிஞ்சும். இரண்டாவது, சிலிகான். அதில் வினிகர் வாசனை வரும் வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், இரும்புக்கு அது பகை. மேலும் வண்டி ஓடும்போது கூரை வளைந்து நெளியும், வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அதற்கு ஈடுகொடுத்துப் பெயின்ட்டைப் பிடித்துக்கொள்ளும் பாலியூரித்தேன் சீலண்ட் வேண்டும், அல்லது பியூட்டைல் நாடா. சிலிகான் பட்ட இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது, புதுச் சிலிகான்கூட ஒட்டாது. சுரண்டி, சிலிகான் நீக்கியால் துடைத்து, மறுபடி துடைத்து, அதற்கே ஒரு நாள் முழுக்கப் போனது. சரியான முறை இது: பள்ளங்களைப் பாலியூரித்தேனால் முதலில் நிரப்பிச் சமப்படுத்துங்கள், திருகு ஓட்டைகளுக்கு வெளிப்பக்கமாக எங்கும் அறாத ஒரு கோடு, ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் ஒரு வளையம், உள்ளே ஒரு மரச்சட்டம் வைத்து, திருகு மரத்தைப் பிடிக்கும்படி எதிரெதிர் மூலையாக மெதுவாக இறுக்குங்கள், லேசாகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள். காய்ந்த பிறகு, தோட்டக் குழாயால் கீழிருந்து மேலாக, பகுதி பகுதியாக அரை மணி நேரம் தண்ணீர் அடிக்க வேண்டும், உள்ளே ஓர் ஆள் டார்ச்சோடு. மேலிருந்து மொத்தமாக ஊற்றினால் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு நல்ல மழையை வண்டி பார்த்த பிறகுதான் உள்கூரை.

ஊறிய பஞ்சைத் தூக்கிப் போட்டதில் இன்னொரு பாடமும் கிடைத்தது. மழை ஒழுகாவிட்டாலும் அந்தப் பஞ்சு நனைந்திருக்கும். தூங்கும் மனிதர் மூச்சிலும் தோலிலும் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 40 கிராம் நீராவி விடுகிறார். இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் அரை லிட்டருக்கு மேல். உள்ளே 22 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால், சுமார் 14 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்த ஆவி நீராகப் படியும். இரவில் வெளித்தகடு அதைவிடக் குளிர்ந்துதான் இருக்கும். ஆகவே நமக்குத் தேவை, காற்று தகட்டைத் தொடவே முடியாதபடி அதோடு ஒட்டி உட்காரும் மூடிய நுண்ணறை நுரை. வளையும் ரப்பர் நுரைத்தாள் 19 அல்லது 25 மி.மீ. தடிப்பில் வளைவுகளுக்கு அருமை, ஆனால் விலை அதிகம். காசு குறைவென்றால் சமமான இடங்களில் எக்ஸ்.பி.எஸ். எனும் கெட்டியான நுரைப்பலகையும், வளைவிலும் விட்டத்திலும் மட்டும் ரப்பர் நுரையும் போடுங்கள். நுரைப்பலகைக்கும் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி விடாதீர்கள். அதில்தான் பனி முத்து கோக்கும். டப்பாவில் வரும் விரியும் நுரையைக் குறுகிய பொந்தில் அடைத்தால், அது விரிந்து வெளித்தகட்டையே புடைக்க வைத்துவிடும். பளபளக்கும் பிரதிபலிப்புத் தாள் காற்றிடைவெளி இருந்தால்தான் வேலை செய்யும். இரண்டு பரப்புக்கு நடுவில் நசுங்கி ஒட்டியிருந்தால் அது வெறும் அலங்காரம். ஒட்டும் பசையிலும் கவனம் தேவை. வெயிலில் நிற்கும் கூரைத் தகடு 70 டிகிரியைத் தொட்டுவிடும். சாதாரணப் பசை இளகி, ஒட்டிய நுரை முழுக்க ஒரு மத்தியானத்தில் தலையில் விழும். உயர்வெப்பம் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். என்ன காப்பு போட்டாலும் காற்றோட்டம் இல்லாமல் ஈரம் போகாது. கீழே ஒரு நுழைவழி, மேலே விசிறி மெதுவாக வெளியே தள்ள வேண்டும். குளிர்கிறதென்று எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு படுத்தால், காலையில் ஜன்னல் அழுதுகொண்டிருக்கும்.

சுவர்ப்பலகை அடிப்பதற்கு முன் ஒயர்கள் எல்லாம் இழுக்கப்பட்டு, ஒவ்வொரு முனையிலும் பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டு, போட்டோவும் எடுத்திருக்க வேண்டும். போட்டோவில் ஓர் அளவு நாடாவும் தெரியட்டும்; ஆறு மாதம் கழித்து ஒரு திருகு அடிக்கும்போது அந்தப் படம்தான் ஒயரைக் காப்பாற்றும். எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதை ஊகித்து பேட்டரி வாங்காதீர்கள், ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சிறிய கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வெயில் காலத்தில் நாளுக்கு 30 முதல் 40 ஆம்ப்-மணி (ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் ஆம்ப்-மணி), விசிறி எட்டு மணி நேரத்துக்கு 8 முதல் 10, எல்.ஈ.டி. விளக்குகள் 4, போன் சார்ஜ் 4 அல்லது 5. கூட்டினால் 50, 60 வரும். தண்ணீர் பம்ப் ஓடும்போது நிறைய இழுத்தாலும் ஓடுவது சில நிமிடம்தான், அதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் சரியும். அதனால் 100 ஆம்ப்-மணி என்றால் கைக்கு வருவது 50. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 80 சதவீதத்துக்கு மேல் தாராளமாக எடுக்கலாம், எடையும் பாதிக்குக் குறைவு. ஆனால் பூஜ்ய டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

ஃபிரிட்ஜ் விஷயத்துக்கு வருவோம். சாயங்காலம் நன்றாக ஓடும். நள்ளிரவுக்கு மேல் 'டிக்' என்று ஒரு சத்தம், கம்ப்ரசர் முனகித் தொடங்கும், இரண்டு விநாடியில் நிற்கும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி 'டிக்'. விடியும்வரை இதே கச்சேரி. பேட்டரி போதவில்லை என்று முடிவுகட்டி இரண்டாவது பேட்டரியும் வாங்கி இணைத்தாயிற்று. ஒரு மணி நேரம் தள்ளிப்போய் அதே டிக். மல்டிமீட்டரை எடுத்து, கம்ப்ரசர் ஓடும் நேரத்தில் பேட்டரி முனையில் வைத்தால் 12.1 வோல்ட், ஃபிரிட்ஜின் பிளக்கில் வைத்தால் 11.4. பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜுக்கு ஐந்து மீட்டர், போட்டிருந்தது 1.5 சதுர மி.மீ. ஒயர். ஒரு சதுர மி.மீ. செம்பு ஒயரின் மின்தடையை மீட்டருக்கு 0.0175 ஓம் என்று வைத்துக்கொண்டு, போக ஐந்து வர ஐந்து என்று மொத்த நீளம் பத்து மீட்டரால் பெருக்கி, 1.5ஆல் வகுத்தால் 0.117 ஓம். 5 ஆம்பியர் ஓடினால் 0.58 வோல்ட் ஒயரிலேயே போய்விடும், மீதியைச் சிகரெட் லைட்டர் பிளக்கின் தளர்ந்த தொடர்பு தின்றது. கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் மின்னோட்டம் இன்னும் கூடும், வோல்ட் 11க்குக் கீழே இறங்கும், பேட்டரியைக் காப்பாற்றுவதாக நினைத்து ஃபிரிட்ஜ் தன்னையே அணைத்துக்கொள்ளும். 6 சதுர மி.மீ. ஒயர் போட்டு, பிளக்கை எடுத்துவிட்டு நேரடியாக இணைத்ததும் இழப்பு 0.15 வோல்ட்டாகச் சுருங்கி, அந்த டிக் அன்றோடு நின்றது. வாங்கிய இரண்டாவது பேட்டரி தேவையே இல்லை. தொலைவில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் இந்த ஒருவரிக் கணக்கைப் போடுங்கள். இழப்பு 3 சதவீதத்தைத் தாண்டினால் அடுத்த தடிமனுக்குப் போங்கள். ஒயரில் மிச்சம் பிடித்த காசு பேட்டரியில் போகும்.

ஃபியூஸ் காப்பாற்றுவது கருவியை அல்ல, ஒயரை. ஆகவே ஒயர் தாங்கும் அளவுக்குத்தான் ஃபியூஸ், பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பிரதான ஃபியூஸ். அந்த ஒரு சாண் ஒயரில் எங்காவது தோல் உரிந்து வண்டியின் தகட்டைத் தொட்டால் தடுக்க எதுவும் இல்லை, அதனால்தான் அது அவ்வளவு குட்டையாக இருக்க வேண்டும். வீட்டுச் சுவருக்குப் போடும் ஒற்றைக் கம்பி ஒயர் வண்டிக்கு ஆகாது. அதிர்வில் செம்பு இறுகி ஒடியும். பல இழை ஒயர்தான். முனைகளை ஈயப்பற்று வைக்காமல் லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காது) போட்டு, சரியான கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள். பற்று வைத்தால் ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்து, அந்த இடத்தில் ஒடியும். அழுத்திய பின் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள், வந்துவிட்டால் அது நல்லதுக்குத்தான். தகட்டு ஓட்டை வழியாக ஒயர் போகும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் கிராமெட் (ஓட்டையின் விளிம்பு ஒயரை அறுக்காமல் காக்கும் வளையம்) கட்டாயம்.

சார்ஜ் செய்ய இங்கே இரண்டு வழி. ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து (இன்ஜின் சுழற்றி மின்சாரம் தரும் கருவி) எடுப்பது பலரும் குறைத்து மதிப்பிடும் வழி. புதிய வண்டிகளின் ஆல்டர்னேட்டர் எரிபொருளைச் சேமிக்கத் தன் வோல்ட்டைத் தானே குறைத்துக்கொள்ளும், அதனால் சாதாரண ரிலே வைத்தால் பேட்டரி முழுதாக நிறையாது. லித்தியமோ அடங்காமல் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடேற்றிவிடும். இரண்டுக்கும் மருந்து, வரும் வோல்ட்டைச் சீராக்கி அளவாகப் பேட்டரிக்குத் தரும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர். சோலாரில் 100 வாட் என்று எழுதியிருந்தாலும், கூரையில் படுத்த நிலையில், சூடான பேனலில் ஒரு நல்ல வெயில் நாளுக்கு 300, 400 வாட்-மணி வந்தால் திருப்திப்படுங்கள். பேனலுக்கும் கூரைக்கும் நடுவில் இரண்டு மூன்று செ.மீ. காற்று ஓடட்டும். வளையும் பேனலைக் கூரையில் அப்படியே ஒட்டினால் சூட்டில் சீக்கிரம் சாகும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணையுங்கள், பிறகு பேனல், கழற்றும்போது தலைகீழ். இன்வெர்ட்டர் முடிந்தவரை வேண்டாம். 1000 வாட் கருவி ஒன்று 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், அதற்குக் கட்டைவிரல் தடிமன் கேபிள் வேண்டியிருக்கும்.

மரவேலையில் ஒரே பெரிய அதிர்ச்சி, வேனுக்குள் எதுவும் நேராக இல்லை என்பது. சுவர் வளைவு, தரை சரிவு, இடதும் வலதும் ஒன்றுபோல இல்லை. ரசமட்டத்தை எடுத்து வைத்துவிடுங்கள், வண்டி நிற்கும் தரையைத்தான் அது காட்டும். எல்லாவற்றையும் வேனின் தரையிலிருந்து மூலைமட்டத்தால் அளங்கள். வளைவுக்கு அட்டையில் அச்சு எடுத்து, வெட்டி, பொருத்திப் பார்த்து, கடைசியில்தான் பலகை. தரைக்கு 20 மி.மீ. எக்ஸ்.பி.எஸ்., மேலே 12 மி.மீ. பிளைவுட் போதும். 2440க்கு 1220 மி.மீ. கொண்ட 12 மி.மீ. முழுப்பலகை 20 கிலோவைத் தாண்டும், 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் 40 கிலோ, ஈரம் பட்டால் உப்பவும் செய்யும். மலிவாக இருக்கிறதே என்று எம்.டி.எஃப். பக்கம் போகாதீர்கள். அலமாரிச் சுவர்களுக்கு 9 மி.மீ., கதவுகளுக்குப் பதில் துணித்திரை. தகட்டில் நேரடியாகத் தானே துளைக்கும் திருகைப் போட்டால் ஒரு மி.மீ. தடிப்புகூட இல்லாத இரும்பு எத்தனை நாள் பிடிக்கும்? ரிவெட் நட் (மெல்லிய தகட்டின் துளையில் இறுகிப் பிடிக்கும் நட்) போட்டு 6 மி.மீ. போல்ட், கட்டில் போன்ற பளுவான சட்டங்களுக்கு 8 மி.மீ. போல்ட், அகலமான வாஷர். துளை போடுவதற்கு முன் டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தை அடையாளம் வையுங்கள், வெளித்தகட்டைத் துளைத்துவிடாமல் இருக்க. தரையில் துளைப்பதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்து, டீசல் டேங்கும் பிரேக் குழாயும் எங்கே போகின்றன என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். கட்டிலுக்கு முழுப்பலகை வேண்டாம், இடைவெளி விட்ட பட்டைகள் போதும். அடியில் காற்று போகாத மெத்தை ஒரு மாதத்தில் கறுப்புப் பூசணம் பிடிக்கும். இழுப்பறைகளுக்கு அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் கொக்கி வையுங்கள். காந்தம் முதல் வளைவிலேயே தோற்றுவிடும்.

கேஸில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. பழைய பொருள் வாங்கலாம், பழைய ரெகுலேட்டரும் ஹோஸும் வாங்கக் கூடாது. கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும், ஆகவே சிலிண்டர் இருக்கும் பெட்டி படுக்கும் இடத்திலிருந்து காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டு, அதன் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை ஒன்று இருக்க வேண்டும். ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். கேஸ் கசிவு அலாரம் தரையை ஒட்டி, கார்பன் மோனாக்சைடு அலாரம் படுத்தால் மூக்கு இருக்கும் உயரத்தில். அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய்வது உயிருக்கே ஆபத்து. அதோடு ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும், எல்லாம் உங்கள் சுவரில்தான் படியும். தீயணைப்பான் அடுப்புக்கு மேலே வேண்டாம், கதவருகே.

தண்ணீருக்கு நிலையான டேங்க், வால்வு, சென்சார் என்றெல்லாம் போகாமல் 20 லிட்டர் கேன் இரண்டு, நல்லதுக்கு ஒன்று, கழிவுக்கு ஒன்று. காலால் மிதிக்கும் பம்ப். வேறு எதுவும் தேவைப்படவில்லை.

எல்லாம் முடிந்து, தண்ணீரும் டீசலும் நிரப்பி, மறுபடி எடை மேடையில் ஏற்றினால், ஆட்கள் ஏறுவதற்கு முன்பே இருப்பில் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. பின் அச்சில் வேறு இடது பக்கம் சாய்வு. சமையல் மேடை, ஃபிரிட்ஜ், பேட்டரி மூன்றையும் ஒரே பக்கம் வைத்ததன் விளைவு. தேவையில்லாத இரண்டாவது பேட்டரியை எடுத்து, தண்ணீர்க் கேன்களை வலது பக்கச் சக்கர வளைவுக்கு முன்னால் மாற்றியதும் வண்டி நிமிர்ந்தது. டயர் காற்றழுத்தத்தையும் இந்தப் புது எடைக்கு ஏற்ப, கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்துக் கூட்ட வேண்டும். முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள், ஒயர் முனைகளையும் சேர்த்து. கிறீச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய, ஒருவர் ஓட்டும்போது அல்ல, வண்டியை நிறுத்திவிட்டு ஒருவர் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்ட, மற்றவர் உள்ளே கையால் ஒவ்வொரு பலகையாக அழுத்திப் பார்க்க வேண்டும். எங்கே அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ, அங்கே ஒரு துண்டு கம்பளித்துணி.